மூன்றாம் நாள் அந்தச் செய்தி எங்கே போகிறது?

கேள்வி: வரிவிடாமல்படிப்பவன்

பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் ரொம்ப நாள் சந்தேகம் ஒன்றைக் கேட்கிறேன். ஒரு பெரிய ஒப்பந்தம் ஆட்சியில் இருப்பவர்களுக்கு வேண்டப்பட்ட ஒருவருக்குப் போய்விட்டது என்று செய்தி வருகிறது. முதல் நாள் முதல் பக்கம். இரண்டாம் நாள் அமைச்சரின் மறுப்பு, எதிர்க்கட்சித் தலைவரின் அறிக்கை, இரவு எட்டு மணிக்கு டிவியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவது. மூன்றாம் நாள் ஒன்றுமே இல்லை. அந்த டெண்டர் ரத்தானதா, விசாரணை என்று சொன்னார்களே அது ஆரம்பித்ததா, அந்த நிறுவனம் வேலையைச் செய்து முடித்துப் பணமும் வாங்கிவிட்டதா, எதுவும் தெரியாது.

போன வருடத்திலிருந்து இப்படி வரும் செய்திகளை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். தேதி, யார் மீது குற்றச்சாட்டு, எவ்வளவு தொகை, கடைசியாக ‘பிறகு என்ன ஆனது’ என்று ஒரு கட்டம். முதல் மூன்று கட்டமும் நிறைந்திருக்கிறது, கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி.

என் கேள்வி இதுதான். யாராவது போன் போட்டு நிறுத்துகிறார்களா? அரசாங்கத்திலிருந்து உத்தரவு மாதிரி ஏதாவது வருமா? இல்லை, பத்திரிகைக்காரர்களுக்கே சலித்துவிடுகிறதா? கட்சிச் சண்டை வேண்டாம், உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய_டெஸ்க்

போன் வரும் என்பது சினிமா பார்த்த பழக்கம் சார். பதினாறு வருடம் செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் உட்கார்ந்தேன், ‘இதைப் போடாதே’ என்று எந்த அமைச்சரும் என்னை அழைத்ததில்லை. எனக்கு மேலே இருந்தவர்களுக்கு வந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்தது வேறு. அங்கே எதுவும் வரவில்லை, வழக்கமாக வருவது நின்றுபோனது.

நான் இருந்தது நடுத்தர அளவு நாளிதழ், பெயர் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அடுத்த நாள் மூன்றாம் பக்கத்தின் டம்மி, அதாவது எது எங்கே வரும் என்று வரைந்த தாள், என் மேசையில் இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்கப் பெருக்கல் குறி போட்டு அரசு விளம்பரம் என்று எழுதியிருக்கிறது. விளம்பரப் பிரிவு மேலாளர் வந்து அந்தத் தாளைப் பார்த்தபடியே, ‘கீழே இருக்கிறது வராது, மேட்டர் வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்றார். ஏன் என்று கேட்டேன். ‘ஆர்.ஓ. வரவில்லை’ என்றார், அதாவது விளம்பரத்தை வெளியிடச் சொல்லும் உத்தரவு, அவ்வளவுதான். அந்த வாரம்தான் ஒரு சாலை ஒப்பந்தம் பற்றி எங்கள் நிருபர் எழுதிய இரண்டு பகுதி வந்திருந்தது, மூன்றாவது டைப் ஆகி என் ஃபோல்டரில் கிடந்தது.

அடுத்த வாரமும் ஆர்.ஓ. வரவில்லை. பண்டிகை மலருக்கு வழக்கமாக வரும் வாழ்த்து விளம்பரமும் இல்லை. இதெல்லாம் அந்தச் செய்தியால்தான் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பத்தாம் தேதிக்குள் வரும் சம்பளம் அந்த மாதம் இருபதாம் தேதி வந்தது. அப்புறம் ஒருநாள் ஆசிரியர் கூப்பிட்டு, ‘அந்த மூன்றாவது பகுதியைக் கொஞ்சம் பொறுத்துப் போடலாமே’ என்றார். நல்ல மனிதர், பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டேன். எழுபது பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தார். அந்த மூன்றாவது பகுதி நான் வேலையை விட்டு வரும்வரை அந்த ஃபோல்டரிலேயே இருந்தது.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, நீங்கள் கடையில் கொடுக்கும் காசு பேப்பரை அச்சடிக்கும் செலவுக்கே போதாது. மீதியை விளம்பரம்தான் சுமக்கிறது, சின்னப் பத்திரிகை என்றால் அரசு விளம்பரத்தை நம்பித்தான் பிழைப்பே. டெல்லியின் கையில் ஒரு குழாய், மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் கையில் ஒரு குழாய். இரண்டையும் திறப்பதும் மூடுவதும் அவர்கள் இஷ்டம். 2019 ஜூனில் டைம்ஸ் குழுமம், தி இந்து, டெலிகிராஃப் இதழை நடத்தும் ஏபிபி குழுமம் ஆகியவற்றுக்கு மத்திய அரசு விளம்பரம் நிறுத்தப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது, நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். அந்தப் பெரிய வீடுகள் எப்படியோ தாங்கிக்கொள்ளும். எங்களைப் போன்றவை?

இதில் வேடிக்கை என்னவென்றால் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2015 மே மாதம் காமன் காஸ் என்ற அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசு விளம்பரங்களுக்கு விதிமுறை வகுத்தது. பிரதமர், குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் கூடாது என்றார்கள், அடுத்த வருடமே முதல்வர், அமைச்சர் படமும் போடலாம் என்று தளர்த்தினார்கள். எல்லாரும் இந்தப் படச் சண்டையையே பேசினோம். ஆனால் எந்த ஒரு ஊடக நிறுவனத்துக்கும் தனியாகச் சலுகை காட்டக் கூடாது, விற்பனையை வைத்து வகைப்படுத்திச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை யாராவது எடுத்துப் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

பதில்: தாத்தாவின்_பேப்பர்கட்டு

பழைய_டெஸ்க் சொல்வது சரி, ஆனால் நேரடி உத்தரவு வந்ததே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. எமர்ஜென்சி அறிவித்த 1975 ஜூன் 25 ராத்திரி டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் கரண்டையே நிறுத்தினார்கள். 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வரும் இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தது. நம் பக்கத்தில் 1976 ஜனவரி கடைசியில் திமுக ஆட்சியைக் கலைத்த பிறகுதான் தணிக்கை இறுகியது. கைதானவர்கள் பெயரைப் போட முடியாது. உடனே பிப்ரவரி 3, அண்ணா நினைவுநாள் வந்தது. ‘அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர்’ என்று திமுக ஏடான முரசொலியில் ஒரு பட்டியல். படித்தவனுக்கு அது விசாரணை இல்லாமல் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் உள்ளே போனவர்களின் பட்டியல் என்று புரிந்தது, தணிக்கை அதிகாரிக்குப் புரியவில்லை. என் தாத்தா அதைக் கத்தரித்து வைத்திருந்தார், பழுப்பேறி விளிம்பெல்லாம் உதிர்ந்துவிட்டது.

கேள்வி கேட்டவர் வேண்டப்பட்டவர்களுக்குப் போகும் ஒப்பந்தம் பற்றிக் கேட்டதால் இன்னொன்றும். 1957இல் முந்த்ரா விவகாரம். எல்ஐசி தொடங்கி ஒரு வருடம்கூட நிறைவாக முடியாத நேரம், பாலிசிதாரர்களின் பணம் ஒன்றேகால் கோடி அளவுக்கு ஹரிதாஸ் முந்த்ராவின் ஆட்டம் கண்ட கம்பெனிகளின் பங்குகளில் போடப்பட்டது. நாடாளுமன்றத்தில் அதை எடுத்து வெளுத்தவர் ஆளுங்கட்சி எம்.பி. ஃபெரோஸ் காந்தி, அதாவது பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்லா பகிரங்கமாக விசாரித்தார், சில வாரங்களில் அறிக்கை, நிதியமைச்சர் டி.டி.கே. 1958இல் ராஜினாமா. மூன்றாம் நாள் காணாமல் போகாத செய்தி அது.

அந்தப் பேச்சைப் பத்திரிகைகள் பயமில்லாமல் போட முடிந்ததற்குக் காரணமும் ஃபெரோஸ்தான். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிட்டால் வழக்குப் போட முடியாது என்று 1956இல் தனிநபர் மசோதா கொண்டுவந்து சட்டமாக்கினார். 1976இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு. 1977இல் ஆட்சி மாறியதும் திரும்ப வந்தது, அடுத்து அரசியல் சட்டத்திலேயே 361ஏ என்று ஏற்றிவிட்டார்கள், இனிமேல் சுலபமாகப் பிடுங்க முடியாது.

பதில்: நேர்பட_ஒருவன்

எல்லாம் சரி, ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? இன்றைக்குப் பத்திரிகையை நெரிப்பது டெல்லி. 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளத்தையே முடக்கினார்களே, டிரம்ப் பக்கத்தில் பிரதமர் கையில் விலங்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கார்ட்டூனுக்காக. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் மார்ச்சில் தளம் திரும்ப வந்தது, அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுக்கச் சொல்லி. நியூஸ்கிளிக் என்ற செய்தித் தளத்தின் ஆசிரியரை 2023 அக்டோபரில் யுஏபிஏ என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள், ஏழு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தக் கைதே செல்லாது என்றது. பிரதமரைப் பற்றி பிபிசி ஆவணப்படம் வந்தது, அடுத்த மாதம் அவர்கள் அலுவலகத்தில் வருமான வரித் துறை ‘ஆய்வு’. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025 பட்டியலில் 180 நாட்டில் 151ஆவது இடம். நம் மாநிலத்தில் இவ்வளவு மோசமா?

பதில்: பழைய_டெஸ்க்

@நேர்பட_ஒருவன் நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை தம்பி. அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

அதே விகடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்எல்ஏ, யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார், பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்எல்ஏ, கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில். இதற்கு ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. விளக்கம்கூடக் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார், 1994இல் உயர் நீதிமன்றம் அடையாளமாக ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுத்தது. அப்போது எம்ஜிஆர் ஆட்சி. 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும் அதன் தலையங்கத்தைத் தமிழில் போட்ட முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று தீர்மானம், அலுவலகத்துக்குள் போலீஸ் வந்தது, மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. அது ஜெயலலிதா ஆட்சி. 2007 மே 9, மதுரை தினகரன் அலுவலகம், ஒரு கருத்துக்கணிப்புக்காக எரித்தார்கள், மூன்று ஊழியர்கள் செத்தார்கள். அது கலைஞர் ஆட்சி. கீழ் நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது, 2019இல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த மூன்று பேரும் ஆசிரியர்கூட இல்லை. கம்ப்யூட்டர் பிரிவில் இருவர், ஒருவர் காவலாளி. இதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

டிவி என்றால் இன்னும் சுலபம், கேபிள் இருக்கிறது. 2018இல் புதிய தலைமுறை கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காக வழக்குப் போட்டார்கள், அதோடு அரசு கேபிளில் அந்தச் சேனலின் இடமும் மாறியது. தடையெல்லாம் இல்லை, பார்க்கிறவர் ரிமோட்டில் வழக்கமான எண்ணை அழுத்தினால் வேறு ஏதோ வரும். விளம்பரதாரர் பார்ப்பது ரேட்டிங்கை, எண் மாறினால் ரேட்டிங் என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: நேர்பட_ஒருவன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருமான வரி, அமலாக்கத் துறை, யுஏபிஏ எல்லாம் ஒரே கையில் இருப்பதையும் எம்எல்ஏக்கள் கோபப்பட்டுத் தீர்மானம் போடுவதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவ்வளவுதான் என் கட்சி.

பதில்: எழும்பூர்_வக்கீல்

தராசு இருக்கட்டும், எல்லாக் கட்சியும் கூச்சமில்லாமல் பயன்படுத்தும் ஒரு கருவி பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அவதூறு வழக்கு.

நீங்களோ நானோ அவதூறு என்று கிரிமினல் வழக்குப் போட்டால் மாஜிஸ்திரேட் முன்னால் நாமே நிற்க வேண்டும், நம் கைக்காசு செலவாகும். முதல்வரைப் பற்றியோ அமைச்சரைப் பற்றியோ அவர்கள் அரசுப் பணி தொடர்பாக எழுதினால் வேறு வழி. அரசு ஒரு அனுமதி ஆணை போடும், அரசு வழக்கறிஞர் நேராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் புகார் கொடுப்பார். சம்பந்தப்பட்டவர் வக்கீல் தேட வேண்டாம், ஃபீஸ் கொடுக்க வேண்டாம், செலவு உங்கள் வரிப்பணம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 199(2), புதிய சட்டத்தில் 222. தமிழ்நாட்டில் ஐந்து வருடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வழக்குகள் இப்படிப் போடப்பட்டது 2016இல் உச்ச நீதிமன்றத்திலேயே பேச்சானது. அதே 2016 மே மாதம்தான், சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்றும் அவர்கள் தீர்ப்பளித்திருந்தார்கள்.

பத்திரிகைக்காரருக்குத் தண்டனை கிடைப்பது இதில் அபூர்வம், அதற்காகப் போடுவதும் இல்லை. வாய்தாதான் தண்டனை. ஆசிரியரும் வெளியீட்டாளரும் நிருபரும் நேரில் வர வேண்டும், காலை பத்தரைக்குக் கூப்பிட்டு ஒன்றரைக்கு ‘அடுத்த மாதம்’ என்பார்கள். செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துச் செய்தி அடித்துக்கொண்டிருந்த ஒரு நிருபரைப் பார்த்திருக்கிறேன். அவரை இப்படி மாதம் ஒருநாள் உட்காரவைத்தாலே போதும், பக்கத்து மேசைக்காரர் அடுத்த ஒப்பந்தச் செய்தியை எழுதுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பார்.

நல்ல செய்தியும் உண்டு. 2020 மே 21இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ஒரே தீர்ப்பில் பல ஆசிரியர்கள் மீதான இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தார். சாதாரண ஆள் மாதிரி அரசு எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போகக் கூடாது, அமைச்சரைத் திட்டினால் அது அரசுக்கே அவதூறு ஆகிவிடாது என்ற கருத்தில். ஆனால் பாருங்கள், அவற்றில் பல 2012, 2013 வாக்கில் போட்டவை. ரத்தாக ஏழெட்டு வருடம். அதற்கும் முன்னால், 1994இல், கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதை விஷயத்தில் நக்கீரன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அச்சில் வருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, பொது ஆவணத்தில் இருப்பதை யாரும் வெளியிடலாம். 2018 அக்டோபரில் அதே நக்கீரன் கோபாலை ஆளுநர் பற்றிய கட்டுரைக்காக, ஆளுநரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 124ஆவது பிரிவில் கைது செய்து எழும்பூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது, தி இந்துவின் என். ராம் எழுந்து பத்திரிகையாளராகத் தன் கருத்தைச் சொல்ல அனுமதி கேட்டார். மாஜிஸ்திரேட் கேட்டுவிட்டு ரிமாண்ட் செய்ய மறுத்தார். அன்றைக்கு அந்த வளாகத்தில் பேச்சு முழுக்க அதுதான்.

பதில்: கணக்குப்பிள்ளை_3

எல்லாப் பழியையும் அரசு மேல் போடுவது எனக்கு முழுக்க ஒப்பவில்லை. நான் பத்திரிகைக்காரன் இல்லை, ஆடிட் ஆபீஸில் இருந்தவன். மூன்றாம் நாள் செய்தி சாவதற்குப் பாதிக் காரணம் மிரட்டல் என்றால் மீதிப் பாதி, முதல் நாளே கையில் ஒன்றும் இல்லை என்பது. ‘வேண்டப்பட்டவர்’ என்று எழுதுகிறார்கள். எப்படி வேண்டப்பட்டவர்? மச்சானா, பங்குதாரரா, கட்சிக்குப் பணம் கொடுத்தவரா, கல்யாணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டவரா? எதிர்க்கட்சி கொடுத்த தாளை அப்படியே போட்டால் அடுத்த நாள் எழுத என்ன இருக்கும்.

ஆவணம் இருந்தால் செய்தி நிற்கும். 2019இல் ரஃபேல் போர் விமானப் பேரம் பற்றிப் பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை வைத்து ராம் எழுதினார், அது திருட்டு ஆவணம், ரகசியச் சட்டம் பாயும் என்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னார். ஏப்ரல் 10ஆம் தேதி நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டு, வெளியான ஆவணங்களைப் பார்ப்போம் என்றது. பேரத்தை விசாரிக்கக் கேட்ட அந்த மறுஆய்வு மனுக்கள் நவம்பரில் தள்ளுபடியாயின, அதையும் சொல்லத்தான் வேண்டும். நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு விவகாரத்திலும் தணிக்கை அறிக்கை என்ற தாள் இருந்தது, 2014இல் 218 ஒதுக்கீட்டில் 214 ரத்தாயின. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் 122 லைசென்ஸ் ரத்து, ஆனால் 2017இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுவித்தது. லைசென்ஸ் கொடுத்த முறை தப்பு என்பதும் இன்னார் லஞ்சம் வாங்கினார் என்பதும் தனித்தனி விஷயம், நம் ஆட்கள் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டு அப்புறம் முழிப்பார்கள்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை போன தேர்தல் பத்திரத்தில்தான். ஒரு கம்பெனி மூன்று வருடச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிக்குக் கொடுக்க முடியாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்தார்கள், நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம். நஷ்டக் கம்பெனி எதற்கு நன்கொடை கொடுக்கும் என்று எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் சிரிப்பான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் மொத்தத் திட்டத்தையும் ரத்து செய்து விவரத்தை வெளியிட வைத்தது. அதற்குள் 16 ஆயிரம் கோடிக்கு மேல் விற்றாகிவிட்டது. மார்ச்சில் பட்டியல் வந்தபோது ஒரு பக்கம் பத்திரம் வாங்கிய தேதி, இன்னொரு பக்கம் ரெய்டு நடந்த தேதி, ஒப்பந்தம் கிடைத்த தேதி என்று நிருபர்கள் உட்கார்ந்து ஒட்டிப் பார்த்தார்கள். தேதி ஒத்துப்போவது நிரூபணம் ஆகாது, கேள்வி கேட்கக் காரணம் ஆகும். அவ்வளவு வேலை செய்ய ஆள் வேண்டும், இப்போது பத்திரிகைகளில் அந்த ஆள்தான் இல்லை. ஒரு நிருபரே மூன்று மாவட்டம் பார்த்தால் எங்கே ஒட்டுவார்.

கேள்வி கேட்டவர் நோட்டுப் போடுகிறவர் என்பதால் சொல்கிறேன், அந்தக் கடைசிக் கட்டத்தை நீங்களே கொஞ்சம் நிரப்பலாம். தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைச் சட்டம் 1998இலிருந்து இருக்கிறது. மதிப்பு 2 கோடிக்கு மேல் என்றால் விண்ணப்பிக்க 30 நாள் கொடுக்க வேண்டும், குறைத்தால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். அடுத்தது தகுதி நிபந்தனை. ஒரு கழுத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி சட்டை தைத்திருப்பார்கள், இத்தனை கோடி வரவுசெலவு, இன்ன வேலையில் இத்தனை வருட அனுபவம் என்று. போட்டியிட்ட கம்பெனிகளின் இயக்குநர்கள் யார் என்று கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடலாம், ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். மீதிக்குப் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடுங்கள். அதில் ஒரு முள் உண்டு. 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்குகிறது. மறுத்தால் 8(2)ஐக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள், பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற வரி இன்னும் அங்கே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: வரிவிடாமல்படிப்பவன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து நோட்டில் இருந்த ஒன்றைத் தேடினேன். டெண்டர் தளம் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆனாலும் கிடைத்தது. கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரியே முதலில் நாளை எண்ணினேன். 2 கோடிக்கு மேல் மதிப்பு, கொடுத்தது பத்து நாள். போட்டியிட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு கம்பெனிக்கும் பதிவு முகவரி ஒரே கட்டடம், ஒரே மாடி. இதை இங்கே பெயரோடு போடலாமா? வக்கீல் சார் சொல்லுங்கள், எனக்கு செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் உட்காரும் வசதி இல்லை.

பதில்: எழும்பூர்_வக்கீல்

இப்போதே போடாதீர்கள். ஒரே முகவரி என்பது சில சமயம் ஒரே ஆடிட்டரின் அலுவலகமாக இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பத்து நாளுக்குக் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். அதற்குப் பிறகு எழுதினால் ஆவணத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள், இன்ன தேதியில் அறிவிப்பு, இத்தனை நாள், இன்ன முகவரி. ஊழல், பினாமி, கூட்டு என்ற சொல்லெல்லாம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். அந்த இரண்டு கம்பெனிக்கும் துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பி விளக்கம் கேட்டுவிடுங்கள், பதில் வராவிட்டாலும் கேட்ட தேதி உங்களிடம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் பக்கத்தை முழுதாகச் சேமித்து வையுங்கள், தளத்தில் இருப்பது நாளைக்கே மாறலாம்.

பதில்: கணக்குப்பிள்ளை_3

டெண்டர் எண்ணை மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். திருத்த அறிவிப்பு ஏதாவது பின்னால் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன், அதில்தான் பெரும்பாலும் தொகை ஏறியிருக்கும்.